கழுவாத உப்பு

உப்புக் கிடங்கில் வேலை செய்பவனுக்குச் செருப்பு நான்கு மாதத்துக்கு மேல் உழைக்காது. உப்பு தோலைத் தின்றுவிடும். ஆணியைத் தின்றுவிடும். கதவுக் கீல், தராசுச் சங்கிலி, சைக்கிள் கம்பி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். நேபாள்கஞ்ச் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ரப்பர் செருப்புக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. நீங்கள் மூவரும் தோல் ஷூ அணிந்து வந்திருக்கிறீர்கள். விசாரணை நீண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

என் பெயர் லீலாநாத் கண்டேல். வேதியியல் பட்டதாரி. இந்தக் கிடங்கின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது இருநூற்றுச் சொச்சம் நீல பிளாஸ்டிக் டிரம்கள் எங்கே போயின என்று. சொல்கிறேன். ஆனால் டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதற்குள் இருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். தட்டச்சு செய்பவர் நிதானமாக அடிக்கலாம். எனக்கு அவசரமில்லை.

நம் நேபாளத்தில் கடல் இல்லை. ஒரு கல் உப்புகூட விளையாது. கட்ச் கடலோர உப்புப் பாத்திகளில் விளைந்தது ரயிலில் எல்லைவரை வந்து, லாரியில் எங்களிடம் வரும். இங்கிருந்து சுர்க்கேத்வரை லாரி. அதற்குமேல் ஆடு. ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்கும் சிறு கம்பளிப் பைகளில் உப்பு ஏறும். பதினைந்து நாள் நடந்து முகு மாவட்டத்துக்குப் போகும். அந்த மலை மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் கிடையாது. அது இல்லாவிட்டால் தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் காதும் மூளையும் சரியாக வளராது. கழுத்து வீங்குவதெல்லாம் சின்ன விஷயம். அதனால் மலைக்குப் போகும் கல் உப்பில் எங்கள் கிடங்கில் அயோடின் மருந்து தெளிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு டன்னுக்கு எண்பத்தைந்து கிராம் வெள்ளைப் பொடி. தேநீர்க் கிளாஸில் கால்வாசி வரும். அந்தப் பொடி வெளிநாட்டு உதவியாக நீல டிரம்களில் வந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு சாவன் மாத மழையில், தெளிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராம்துலாரே என் அறைக்கு வந்தான்.

“சார், மூக்கு போயிடுச்சு.”

“யாருக்கு?”

“மிஷினுக்கு. உப்பு தின்னுடுச்சு. இப்போ மருந்து தெளிக்கல சார், எச்சில் துப்புது.”

தலைநகருக்கு எழுதினேன். மூக்கு வாங்க மூன்று ஒப்பந்தப்புள்ளி வேண்டும் என்று பதில் வந்தது. இதற்குள் முற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர் கனி மியான் ஜன்னலில் தலையை விட்டுப் பேசினார். அவருக்கு அதிகாரி என்றால் எல்லாரும் ஹாக்கிம்தான்.

“ஹாக்கிம், தசைன் பண்டிகைக்குள்ள சுர்க்கேத் சேரலேன்னா ஆட்டுக்காரன் கணவாய் ஏறமாட்டான். அப்புறம் மலைக்காரன் ஆறு மாசம் அவன் நாக்கை அவனே நக்கிக்கணும். மருந்து முக்கியமா, உப்பு முக்கியமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவரு.”

நான் படித்தவன். மருந்து இல்லாத உப்பு, உப்பே இல்லாததைவிட மேல் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு. இன்றும் அதையே சொல்வேன். சான்றிதழ் இல்லாமல் லாரி நகராது என்பதால் சான்றிதழும் எழுதினேன். அதில் அயோடின் அளவு என்ற கட்டம் ஒன்று உண்டு. ஐம்பது இருக்க வேண்டும். ஐம்பது என்றே எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும். இயற்கை அவ்வளவு ஒழுங்கானதல்ல. நாற்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தொன்பது, ஒருமுறை நாற்பத்தாறு என்று எழுதினேன். அந்த நாற்பத்தாறுக்கு மேலிடத்திலிருந்து கண்டித்துக் கடிதம் வந்தது. இனிமேல் கவனமாக இருப்பதாகப் பதில் எழுதினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆட்டுக்கூட்டத்தோடு இறங்கி வந்த ஒருவர் முற்றத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மலையில் உப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பேச்சுக் கொடுத்தேன்.

“மொதல்ல மூணு தண்ணி விட்டுக் கழுவுவோம்” என்றார்.

“ஏன் கழுவணும்?”

“ஏனா? பதினஞ்சு நாள் ஆட்டு மூத்திரத்துல ஊறி வருது. அப்படியே வாயில போட நாங்க என்ன ஆடா?”

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. மருந்து கல்லின் மேல்தான் ஒட்டியிருக்கும். மூன்று தண்ணீரில் பெரும்பகுதி ஓடிவிடும். இத்தனை வருடமாக நாம் தெளித்ததெல்லாம் முகு மாவட்டத்து ஓடைகளுக்குப் போயிருக்கிறது. அடுத்த சித்திரையில் இயந்திரத்தின் புது மூக்கு வந்துசேர்ந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அழகாக இருந்தது. அதை என் மேசை இழுப்பறையிலேயே வைத்தேன். மருந்து தெளித்தால் உப்பு ஈரமாகிச் சாக்கில் கட்டிதட்டும். தெளிக்காத உப்பு உலர்ந்து பொலபொலவென்று இருந்தது. கனி மியானுக்குத் திருப்தி. ஆட்டுக்காரர்களுக்குத் திருப்தி. அந்த வருடம் குறித்த நாளில் சரக்கு அனுப்பியதில் மேற்குப் பகுதியில் நாங்கள்தான் முதலிடம்.

ஆனால் டிரம்கள் வருவது நிற்கவில்லை. பொடி மீதமிருந்தால் ஏன் என்று கேள்வி வரும். எனவே ராம்துலாரேயும் நானும் அதைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் கரைத்தோம். காலி டிரம்கள் தண்ணீர் பிடிக்க மிக நல்லவை. ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் என்னிடம் வந்து தலையைச் சொறிவார்கள். கொடுத்தேன். என் மகள் சீதனத்தில் மூன்று போயின. மற்றவை எந்தெந்த வீட்டில் என்று பட்டியல் தந்திருக்கிறேன். நானே எழுதியது. கையெழுத்து தெளிவாக இருக்கும்.

“சார், வாய்க்கால்ல ஒரு கூத்து பாத்தீங்களா?” என்று ராம்துலாரே ஒருநாள் கேட்டான். “தலைப்பிரட்டைக்கெல்லாம் அவசர அவசரமா கால் முளைக்குது. பொட்டுக்கடலை சைஸுல தவளை தாவுது.”

அயோடின் வளர்ச்சியைத் தூண்டும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்த பாடத்தைக் கண்ணால் பார்ப்பது ஒரு மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மலையில் மருந்து உப்பு போய்ச் சேர்ந்தும் பலன் தெரியவில்லையே என்று கவலைப்பட்டார். மக்கள் உப்பைக் கழுவுகிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்து வருடமாக யாருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றார். அதிலிருந்துதான் அந்த இயக்கம் தொடங்கியது. சாக்கின் மேல் அச்சிட ஒரு வாசகம் கேட்டார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘கழுவாதீர்கள். சக்தி இதிலேயே இருக்கிறது.’ முதல் வாக்கியத்துக்கு இன்றும் நான் பொறுப்பேற்கிறேன்.

அது வானொலியிலும் போனது. அதைக் கேட்டுத்தான் ஜௌகலா ரோகாயா மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

முகு மாவட்டத்தில் லாம்ரா என்ற ஊர். அறுபது வீடு. அவள் அங்கே சுகாதாரத் தொண்டர். முதுகில் நான்கு வயதுப் பெண் குழந்தை, வயிற்றில் ஐந்து மாதம். என் அறை வாசலில் நின்றாள். நான் உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தாள்.

“ஹாக்கிம், உப்பைக் கழுவாதேன்னு ரேடியோவுல சொன்னது நீங்களா?”

“எழுதினது நான். சொன்னது வேற ஆளு.”

“நானும் ஊருக்குள்ள வாய் வலிக்கச் சொல்லிட்டேன். எவ கேக்கறா? எங்க ஓரகத்தி பவிசரா இருக்காளே, அவ கிணத்தடியில வச்சு எல்லார் முன்னாலயும் கேக்கறா, ‘ஆட்டு மூத்திரம் குடிச்சா புள்ளைக்குப் பேச்சு வந்துடுமாக்கும்? அப்போ எங்க ஆட்டுக்குட்டியெல்லாம் ஏன்டி பேசல?’ன்னு. ஊரே சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு ஹாக்கிம், என்ன பண்ண.”

குழந்தை இறங்கிப் போய் ஒரு கல் உப்பை எடுத்து நக்கிக்கொண்டிருந்தது. வெளியே கனி மியான் லாரியின் ஹாரனை அடித்தார். நான் திடுக்கிட்டேன். குழந்தை திரும்பவில்லை.

“இவளுக்குக் காது இல்லை” என்றாள் ஜௌகலா. “இது ஆச்சு. போகட்டும். இதுக்கு,” என்று வயிற்றைத் தொட்டாள், “இதுக்கு அப்படி ஆகக்கூடாது. அதுக்குத்தான் வந்தேன். நல்ல உப்புல சொட்டு விட்டா நீலமாகும்னு பயிற்சியில சொன்னாங்க. என் கண்ணால ஒருதரம் பாத்துட்டேன்னா போதும். போயி ஒருத்தியையும் கழுவ விடமாட்டேன். நானும் கழுவாம அப்படியே தின்பேன்.”

நியாயமான கோரிக்கை. சோதனைத் திரவம் என் அலமாரியில் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறு சாக்கிலிருந்தே அவள் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தாள். கல்லைப் பொடிக்க வேண்டும் என்று சொல்லி, பக்கத்து அறைக்குப் போய்ப் பீங்கான் குழியம்மியை எடுத்தேன். அதற்குள் டிரம்மிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் கண்முன் கல்லை இடித்தேன். அவளையே சொட்டு விடச் சொன்னேன்.

சிட்டிகை சற்று அதிகமாகிவிட்டது. லேசான ஊதா வர வேண்டிய இடத்தில் மைக்கறுப்பு வந்தது. கதவருகே நின்றிருந்த ராம்துலாரே இருமினான்.

“அடி ஆத்தி!” ஜௌகலா குழியம்மியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீலம்னுதானே சொன்னாங்க, இது அமாவாசையா இல்ல இருக்கு!”

“நம்ம உப்புல கொஞ்சம் வீரியம் அதிகம்.”

“இதைப் பாத்தா பவிசரா என்ன சொல்லுவா!” என்று சிரித்தாள். “ஹாக்கிம், அந்தச் சொட்டு பாட்டிலை எனக்குக் குடுங்க. ஊர்ல எல்லாருக்கும் காட்டிட்டுக் குடுத்தனுப்பறேன்.”

“அது அரசாங்கச் சொத்து, தங்கச்சி. வெளியே போகக்கூடாது.”

அவள் புரிந்துகொண்டாள். மலைக்காரர்கள் விதியை மதிப்பவர்கள். ஐந்து கிலோ கல் உப்பை என் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ஒரு கணக்கு மனதில் ஓடியது. ஒரு பேறுகாலத்துக்குத் தேவையான அயோடின், ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து, ஒரு தீக்குச்சித் தலை அளவுகூட வராது. குழியம்மியில் ஒட்டியிருந்தது அதைவிடப் பல மடங்கு அதிகம். அதை நன்றாகக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். சோதனைப் பாத்திரத்தை அழுக்காக வைப்பது எனக்குப் பிடிக்காது.

அடுத்த கோடையில் ஆட்டுக்காரர் மூலம் ஒரு கடிதம் வந்தது. ஊர் வாத்தியார் எழுதியது. அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். ‘ஹாக்கிமுக்குக் கோடி நமஸ்காரம். பையன் பிறந்திருக்கான். ரொம்பச் சமத்து. அழறதே இல்லை. பால் குடிக்கக்கூட நானே தட்டி எழுப்ப வேண்டியிருக்கு. இப்படி ஒரு அமைதியான பிள்ளை எங்க ஊர்ல பிறந்ததில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாம் உங்க உப்போட புண்ணியம். இப்போ ஊர்ல ஒரு வீட்லயும் கழுவறது இல்லை.’

அழாத, பாலுக்கும் எழாத பச்சைக் குழந்தை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதல் சில வாரங்களுக்குள் மருந்து கொடுத்தால் ஓரளவு மீட்கலாம் என்பதும் தெரியும். கடிதம் வந்துசேரவே இரண்டரை மாதமாகியிருந்தது. அதனால் அந்தக் கேள்வி எழவில்லை. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். நிபுணர் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். மாவட்டத்திலேயே முழுக்கக் கழுவாமல் உண்ணும் முதல் ஊர் என்று லாம்ராவுக்கு ஒரு கொடியும், கிடங்குக்கு ஒரு கேடயமும் கிடைத்தன. நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருப்பது அதுதான்.

ஆறு வருடம் கழித்து ஜௌகலா மறுபடியும் வந்தாள். கையில் பையன். ஆறு வயது, மூன்று வயது உயரம். நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் என்மேல் கோபமாக வந்திருப்பாள் என்று நினைத்தேன். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவள் தரையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“ஹாக்கிம், தப்பு எங்க வீட்ல நடந்துபோச்சு.”

“என்ன தப்பு?”

“பவிசரா கழுவிட்டா. நான் வயலுக்குப் போன நேரம் பாத்து, எனக்குத் தெரியாம. இல்லேன்னா இவன் ஏன் இப்படி? அந்தக் கறுப்பை நானே பாத்தேனே. ஊர்ல இன்னும் பத்துப் பதினஞ்சு புள்ளைங்க இப்படித்தான். அறுவடை நேரத்துல எல்லார் வீட்டுலயும் உதவிக்குப் போயி சமைச்சவ அவதான். ஊர்க்கூட்டம் போட்டோம். இப்போ மூணு பனிக்காலமா மாட்டுக்கொட்டகையிலதான் கிடக்கா. நெருப்பு குடுக்கறதில்லை. கிணத்தடிக்கு விடறதில்லை.”

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“எங்க ஒத்துக்கறா? இவன் தலையில கை வச்சு சத்தியம் பண்றா. ‘கேலி பேசினேன் அக்கா, வாய்க்கொழுப்பு, ஆனா கழுவல அக்கா’ங்கறா.” பையன் அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தான். “இந்த வருஷம் அவளுக்கு இருமல் நிக்கல. ரத்தம் வருது. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன். எப்பவோ ஒரே ஒரு தடவை கழுவிட்டாக்கூட இப்படி ஆயிடுமா? ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நேராப் போயி அவ கால்ல விழுந்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன். புள்ளை விதின்னு விட்டுடறேன்.”

இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. ஆகாது என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் என்பதுதான். அந்தக் கேள்வி ஒரு பெண்ணோடு நிற்காது. மக்களுக்கு உப்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும். வெளியிலிருந்து வரும் உப்பை நம்பித்தான் இந்த நாடு சமைக்கிறது. இத்தனை வருட இயக்கம் பாழாகும். ஒரு மாட்டுக்கொட்டகை ஒரு பக்கம், ஒரு நாட்டின் நம்பிக்கை மறுபக்கம்.

“ஆகும்” என்றேன். “ஒரு தடவை போதும்.”

அவள் தலையை ஆட்டினாள். பையனை முதுகில் கட்டிக்கொண்டாள். ராம்துலாரே வாசல்வரை கூடவே போனான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அவனைக் கூப்பிட்டேன், திரும்பி வந்துவிட்டான். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. இருபது வருட வேலையை ஒரு கடிதம்கூட எழுதாமல் விட்டுவிட்டான். அவனுடைய சேமநிதியை வாங்கிக் கொடுக்க நான் எவ்வளவோ முயன்றேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த வருடம் டாக்டர் துலாதர் வந்தார். முகுவில் பள்ளிக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துவிட்டு நேராகக் கிடங்குக்கே வந்துவிட்டார். இளம் வயதுப் பெண். காலில் கொப்புளம்.

“சார், கழுவுற ஊருக்கும் கழுவாத ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே. ரெண்டு இடத்துலயும் அயோடின் சுத்தமா இல்லை. நீங்க உப்புல மருந்து போடறீங்களா, இல்லையா?”

“இல்லை” என்றேன்.

பதினோரு வருடத்தில் என்னிடம் அதை நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டதும் சொல்லிவிட்டேன். அவர் எழுதிய கடிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் நீல டிரம்களைப் பற்றிய கடிதமாக மாறியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நிர்வாகம் எண்ணக்கூடியதைத்தான் எண்ண முடியும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு வருடம், வருடத்துக்கு ஆறாயிரம் டன், ஒரு கிராம் மருந்துகூடப் போடாமல் அனுப்பினேன். போட்டதாக ஒவ்வொரு சரக்குக்கும் கையெழுத்திட்டேன். ஜௌகலாவுக்குக் காட்டிய கறுப்பு நான் செய்தது. லாம்ராவில் மட்டும் பதினேழு குழந்தைகள் என்கிறார் டாக்டர். அவர்களில் ஓரிருவர் வேறு காரணத்தால் அப்படிப் பிறந்திருக்கலாம். பதினைந்து என்று போடுங்கள். பவிசரா எதையும் கழுவவில்லை.

டாக்டர் அடுத்த வாரம் லாம்ரா போகிறார். உங்கள் அனுமதி வாங்கி என்னையும் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். பனி இறங்குவதற்குள் நான் அங்கே நின்று ஒரு வாக்கியம் சொன்னால் அந்தப் பெண் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் போவாளாம். ஒரு வாக்கியம்தானே என்கிறார். நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு முழங்கால் வலி. அதுகூடப் பெரிதில்லை. ஜௌகலாவை நினைத்துப் பார்க்க வேண்டும். குற்றமில்லாத ஒருத்தியை மூன்று குளிர்காலம் வெளியே படுக்க வைத்தோம் என்று தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள்? இப்போது அந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

அதனால் நான் போகப்போவதில்லை. அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒன்றில் புதிதாக எதையும் கலக்க எனக்கு மனம் வருவதில்லை.